மூவருக்கும் ஒரே பெட்டி

பேருந்து நிலையத்தின் கண்ணாடி அறையில் பதினாறு ஆண்டுகள் அறிவிப்பாளராக இருந்தவள் என் தம்பியின் மனைவி. நடைமேடைகள் பதினான்கு, ஊர்கள் அறுபத்திரண்டு. அத்தனையையும் தாளைப் பாராமல் சொல்வாள். அவசரம் அவள் குரலில் ஒருநாளும் ஏறியதில்லை. புறப்படும் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட அவள் அறிவிப்பைக் கேட்டதும் நடையைத் தளர்த்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் நிர்வாகத்தார் அவளை ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைத்துச் சென்றனர். அந்த வேலைக்கு மூன்று நாள்கள் பிடித்தன. எண்கள் தனித்தனியாக, ஊர்ப்பெயர்கள் தனித்தனியாக, ‘தாமதமாகப் புறப்படும்’ தனியாக, ‘வருந்துகிறோம்’ தனியாகப் பதிவுசெய்தார்கள். தேநீர் கொடுத்தார்கள், கைகூடத் தட்டினார்கள். அடுத்த வாரம் முதல் அச்சொற்களை ஓர் இயந்திரம் கோத்துச் சொல்லத் தொடங்கியது. ஐந்தாம் வாரத்தில் அவளுக்குப் பணிநீக்கக் கடிதம் வந்தது. குரலை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் என் தம்பி நாள்தோறும் அந்நிலையத்தின் வழியாகத்தான் வேலைக்குப் போவான். “என் பொண்டாட்டி சம்பளமே வாங்காம இன்னும் டியூட்டி பாக்குறா அக்கா. வீட்டுல எங்கிட்ட பேசலன்னா என்ன, அங்க போய்க் கேட்டுட்டு வந்துடுறேன்” என்பான். அவள் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் என் வீடு. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அவளுடைய கதையை எழுத எனக்கு உறவு என்ற உரிமை மட்டும் இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். அக்கதையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அவளுக்குப் பிள்ளைகள் மூவர். வேலை போன ஆண்டில் பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பை முடித்திருந்தாள். நடுவில் பிறந்தவனுக்கு ஒன்பது. கடைக்குட்டிக்கு ஐந்து. நடுவிலவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. வகுப்பில் அவனை நிறுத்திப் படிக்கச் சொல்வார்கள். அவன் தவறும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவார்களாம். நாள்தோறும் காலையில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. ஒருநாள் பள்ளிப்பையோடு காலணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு மணி நேரம் தேடினோம்.

அன்றிரவு உணவு மேசையில் அவள் சொன்னாள்:

“இனிமே அவன் ஸ்கூலுக்குப் போகமாட்டான். நான் வீட்டுல வச்சுச் சொல்லித் தர்றேன்.”

“சரி. மத்த ரெண்டும்?” என்றான் தம்பி.

“மூணு பேரும் வீட்டுலதான். இவன மட்டும் நிறுத்தினா, தான் மட்டம்னு நெனச்சுக்குவான்.”

பெரியவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். “அம்மா, எனக்கு ஸ்கூல் புடிக்கும்.”

“தெரியும்டி. தம்பிக்காக ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்.”

“லேப் இருக்குமா?”

“எல்லாம் இருக்கும்.”

பெரியவள் சமையலறைச் சன்னல் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவளுடைய ஐந்து டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ரொட்டித் துண்டு. ஒன்றில் நீர் தெளித்து, ஒன்றை உலர வைத்து, ஒன்றை இருட்டில் மூடி, எதில் பூஞ்சை முதலில் படர்கிறது என்று நாள்வாரியாக எழுதிக்கொண்டிருந்தாள். அந்த டப்பாக்களைக் கண்டால் என் தம்பிக்குக் குமட்டும். “இந்த வீட்டுல நமக்குச் சோறு கெடைக்குதோ இல்லையோ, பூஞ்சைக்கு மூணு வேளையும் விருந்து” என்பான்.

வீட்டுக்கல்வி என்று முடிவான பின்னர், எந்தப் பாடத்திட்டம் என்ற கேள்வி எழுந்தது. அவளுடைய மனம் ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்திருந்தது: கதைநூல் வழிப் பாடத்திட்டம். அதில் பாடநூல் கிடையாது. வரலாறு, நிலவியல், அறிவியல் யாவும் கதைநூல்கள் வழியே வரும். தாயோ தந்தையோ உரத்து வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கேட்க வேண்டும். பிறகு பேசவும் எழுதவும் வேண்டும். குரல் ஒன்றையே சொத்தாக வைத்திருந்தவளுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

விலைப்பட்டியல்களும் மாதிரிப் பக்கங்களும் நாற்பது நாள்கள் அந்த உணவு மேசையை விட்டு அகலவில்லை. தேர்வு மூன்று திட்டங்களில் வந்து நின்றது. முதலாவதில் ஒவ்வொரு வயதுக்கும் நூல்கள் அடங்கிய தனிப்பெட்டி. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பெட்டி, மூன்று வழிகாட்டி. அப்படியே நடத்தினால் தாய் நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் வாசிக்க வேண்டும். இரண்டாவதில் எல்லாரும் ஒரே காலகட்டத்தைப் படிப்பர். ஆனால் அவரவர் வயதுக்கேற்ற வேறு வேறு நூல்களில். மூன்றாவது, குடும்பப் பெட்டி. ஐந்து முதல் பதினான்கு வயது வரை அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே நூலைக் கேட்பர். பயிற்சித் தாள்கள் மட்டும் வயதுவாரியாக மாறும்.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதை நான் எதிர்த்தேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். ஆனால் “நீங்கதான் அண்ணி பாத்துச் சொல்லணும்” என்று அவள் அட்டவணைத் தாளை நீட்டியதும் என் எதிர்ப்பு எங்கோ போய்விட்டது. இரண்டு பெரிய தாள்களை ஒட்டி, கட்டங்கள் வரைந்து, நூல்களின் எண்ணிக்கை, வாசிப்பு நேரம், எழுத்துப் பயிற்சி, மீள்பார்வை என்று ஒப்பிட்டேன். குடும்பப் பெட்டியின் வார அட்டவணை அவ்வளவு ஒழுங்காக இருந்தது. முப்பத்தாறு வாரங்கள்; ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. அதையே பரிந்துரைத்தேன்.

“எந்த வயசுக்குன்னு எழுதட்டும் அண்ணி? படிவத்துல ஒரு வயசுதான் கேக்குறாங்க.”

“நடுவுல உள்ளவன் வயசப் போடு. மேலயும் கீழயும் சமமா இருக்கும்.”

பெரியவள் மாதிரித் தாள்களுக்கிடையிலிருந்து ஒரு மெல்லிய கையேட்டை எடுத்து வைத்திருந்தாள். ‘மூத்த பிள்ளைகளுக்கு’ என்று அட்டையில் இருந்தது. நடுவயதினருக்கான வழிகாட்டி இருநூறு பக்கம். இது பன்னிரண்டு பக்கம்.

“அத்தை, இதுல எனக்குன்னு என்ன இருக்கு? ‘இளையவருக்கு வாசித்துக் காட்டு’ன்னு ஏழு எடத்துல போட்டிருக்கு.”

“நல்லதுதானே? அடுத்தவங்களுக்குச் சொல்லிக்குடுத்தா நமக்கே நல்லாப் புரியும்” என்றேன்.

அந்த வாக்கியத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகுப்பின் முதல் மாணவியிடமும் சொல்லியிருக்கிறேன். அவளிடம் பின்தங்கிய நால்வரை ஒப்படைத்துவிட்டு நான் விடைத்தாள் திருத்துவேன். அந்த முதல் மாணவிகள் அந்நேரத்தில் என்ன கற்றிருக்கக்கூடும் என்று நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

பெட்டி வந்தது. முப்பத்தொரு நூல்கள். கூடத்தில் சோஃபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவள் ஒரு நாற்காலியில் அமர்ந்தாள். கடைக்குட்டி அவள் காலடியில்; நடுவிலவன் மேசைக்கு அடியில் மல்லாந்து; பெரியவள் சன்னலோரம். முதல் நூல், வெள்ளத்தில் ஒரு தீவில் ஒதுங்கிய ஆட்டுக்குட்டியைப் பற்றியது. அவள் வாசிக்கத் தொடங்கினால் மாடிப்படியில் ஏறுகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். என் தம்பி வேலைக்குப் போகாமல் கதவருகே காலுறையோடு நின்றதை ஒருமுறை பார்த்தேன். “ஆடு பொழச்சுதா இல்லையான்னு தெரியாம நான் எப்படி லிஃப்ட்ட ரிப்பேர் பண்றது?” என்றான்.

ஏழாம் மாதத்தில் அவள் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடிவந்தாள். “அண்ணி! படிச்சுட்டான்! இருமல் மருந்து பாட்டில எடுத்து அவனே படிக்கிறான்! ‘நன்றாகக் குலுக்கவும்’னு படிச்சுட்டுக் குலுக்குறான்!” அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. பின்னால் நடந்த எதையும் கொண்டு அதனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பதிவேடு என் பங்களிப்பு. நீள நோட்டில் கோடு கிழித்துக் கொடுத்தேன்: தேதி, நூல், பக்கம், வாசித்தவர், கேட்டவர், பயிற்சி எழுதியவர். நாள்தோறும் அவள் நிரப்புவாள். சனிக்கிழமைதோறும் நான் சரிபார்த்து, அடியில் பச்சை மையால் கையெழுத்திடுவேன். முதலாண்டில் ‘கேட்டவர்’ என்ற கட்டத்தில் மூன்று பெயர்கள் இருந்தன.

ஆண்டு முடிந்த அன்று பெரியவள் தன் பழைய பள்ளிப்பையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

“ஒரு வருஷம் ஆச்சும்மா.”

“ஆச்சு, கண்ணு. ஆனா அவன் இப்பதானே படிக்க ஆரம்பிச்சிருக்கான்? நீ போறதப் பாத்தா, அடுத்து நம்மளையும் அனுப்பிடுவாங்கன்னு பயந்துடுவான். இன்னும் ஒரே ஒரு வருஷம்.”

பை காய்ந்ததும் அதனை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தது பெரியவள்தான்.

இரண்டாம் ஆண்டின் நடுவில் அவள் குரல் கம்மத் தொடங்கியது. நாள்தோறும் மூன்று மணி நேர வாசிப்பு. வெந்நீர் குடித்தாள், கொப்பளித்தாள், சளி என்றாள். ஒருநாள் ஆட்டுக்குட்டிக் கதையை மறுபடி வாசிக்கும்போது வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. மருத்துவமனையில் குரல்நாணில் சதை வளர்ந்திருப்பதாகச் சொல்லி அறுத்தெடுத்தார்கள். ஆறு மாதம் பேசக் கூடாது என்றார்கள். அதன்பின்னும் திரும்பி வந்தது குரலென்று சொல்லத் தக்கதாக இல்லை. தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற ஒரு கரகரப்பு. பேருந்து நிலையத்திலோ அவள் அப்போதும் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

வெட்டியெடுத்த சதையைச் சோதித்த பரிசோதனைக்கூடத்தில் முடிவு வாங்கப் போனபோது, பெரியவள் என்னோடு வந்திருந்தாள். முடிவில் பயப்பட ஒன்றுமில்லை. அங்கிருந்த ஆய்வக ஊழியர் நல்ல பெண்மணி. “உங்க அம்மாவ உள்ளேருந்து பாக்குறியா?” என்று நுண்ணோக்கியைக் காட்டினார். பெரியவள் குனிந்தவள் நிமிரவே இல்லை. பின்னால் ஆள்கள் காத்திருந்தார்கள்.

படியிறங்கும்போது சொன்னாள்: “அத்தை, நான் இந்த வேலைக்குத்தான் வருவேன். கேட்டுட்டேன். பயிற்சில சேரணும்னா பள்ளி இறுதித் தேர்வு பாஸ் பண்ணியிருக்கணும். பதினெட்டு வயசு தாண்டக் கூடாது.”

“அதுக்கென்ன, நெறைய நாள் இருக்கு” என்றேன்.

மறுநாள் முதல் பெரியவள் நாற்காலியில் அமர்ந்து வாசித்தாள். தாய் அருகில் சிலேட்டோடு இருப்பாள். “இங்க நிறுத்து”, “மெதுவா” என்று எழுதிக் காட்டுவாள். தாயின் நிதானம் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. கடைக்குட்டி அவளை ‘டீச்சரக்கா’ என்று கூப்பிடத் தொடங்கியது; எல்லாரும் சிரித்தோம். பதிவேட்டில் அவள் பெயர் ‘வாசித்தவர்’ கட்டத்திற்கு நகர்ந்தது. ‘கேட்டவர்’ கட்டத்தில் இரண்டு பெயர்களே எஞ்சின. சனிக்கிழமை வந்தது. கூட்டல் சரி, பக்க எண் சரி, கையெழுத்து அழகு. பச்சை மையால் ஒப்பமிட்டேன்.

அடுத்த பெட்டியும் அதற்கடுத்த பெட்டியும் நடுவிலவன் வயதுக்கே வந்தன. பழைய நூல்களைக் கடைக்குட்டிக்காக மறுபடி வாசிக்க வேண்டும் என்பது வழிகாட்டியின் விதி. அந்த ஆட்டுக்குட்டி எத்தனை முறை வெள்ளத்தில் போய்த் திரும்பியதோ, பெரியவளுக்குத்தான் தெரியும். மற்ற இருவரும் சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தில் தன் பழைய ஏழாம் வகுப்பு அறிவியல் நூலைப் புரட்டிக்கொண்டிருப்பாள். அவளிடம் இருந்த கடைசிப் பாடநூல் அதுதான்.

பதினைந்து வயதில் ஒருநாள், அவளே ஒரு விலைப்பட்டியலில் வட்டமிட்டுக் கொண்டுவந்து தாயின் முன் வைத்தாள். உயர்வகுப்பினருக்கான தனிப்பெட்டி, செய்முறைக் கருவிகளும் உண்டு.

“இது எனக்கும்மா. காலையில நாலு மணி நேரம் நானே படிச்சுக்குவேன். யாரும் சொல்லித்தர வேணாம்.”

தாய் அதனை நெடுநேரம் பார்த்தாள். சிலேட்டை எடுத்து எழுதினாள்: ‘காலைல நீ படிச்சா அவங்களுக்கு யார் வாசிப்பா?’

பெரியவள் அந்த எழுத்தை உள்ளங்கையால் அழுத்தி அழித்தாள். அழித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அன்றைய நூலை எடுத்து, விட்ட பக்கத்திலிருந்து வாசித்தாள். நான் அப்போது அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். பதிவேட்டுக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறு வயது நிறைந்ததும் தேர்வு அலுவலகத்திற்குப் போனோம். தாய், மகள், நான். தனித்தேர்வராக எழுத வேண்டுமானால் வீட்டில் பயின்றதற்கு மூன்றாண்டுப் பதிவு காட்ட வேண்டும் என்பது விதி. எங்களிடம் நான்காண்டுப் பதிவே இருந்தது. துணிப்பையில் நான்கு நீள நோட்டுகள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பொறுமையான மனிதர்.

“இவ்வளவு சுத்தமான பதிவு நான் பாத்ததில்லம்மா. யாரு கோடு போட்டது?”

“நான்தான்” என்றேன்.

“நல்லது. தேர்வு எழுதப்போறது யாரு?”

“இவதான்.”

அவர் இரண்டாம் நோட்டிலிருந்து மறுபடி புரட்டினார். விரலை ஒரு கட்டத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

“இவங்க பேரு ‘வாசித்தவர்’ங்கற எடத்துல இருக்கு. ‘கேட்டவர்’ல வேற ரெண்டு புள்ளைங்க. ‘பயிற்சி எழுதியவர்’லயும் அதே ரெண்டு புள்ளைங்க. இவங்க படிச்சதுக்குப் பதிவு எங்க?”

தாய் முன்னால் குனிந்து ஏதோ சொன்னாள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. கேக்கல.”

அவள் மறுபடி சொன்னாள். கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. நான் குறுக்கிட்டு, “அவளும் கூடவேதான் படிச்சா” என்றேன்.

“இருக்கலாம்மா. ஆனா இதுல இருக்கறது இவங்க ரெண்டரை வருஷம் டீச்சரா இருந்ததுக்குப் பதிவு. மேற்பார்வைன்னு பச்சை இங்க்ல கையெழுத்து வேற இருக்கு. வாராவாரம். இது யாரு?”

நான் துணிப்பையின் வாயை விரித்துப் பிடித்தேன். பெரியவள் என்னைப் பார்க்கவில்லை. நோட்டுகளை அடுக்கிப் பையில் போட்டாள்.

திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். வண்டி தாமதம். கூரையிலிருந்து அந்தப் பழைய குரல், அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது: “...தாமதமாகப் புறப்படும். வருந்துகிறோம்.”

பெரியவள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

“அங்க மட்டும் நல்லா மன்னிப்புக் கேக்குற, இல்லம்மா?”

தாய் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பள்ளிக்குத் திரும்புவதொன்றே மிஞ்சிய வழி. ஒன்பதாம் வகுப்புக்கோ அதற்கு மேலோ சேர முந்தைய வகுப்பின் சான்று வேண்டும். எட்டாம் வகுப்பு வரைதான் சோதனை வைத்துச் சேர்க்கலாம். பெரியவளிடம் இருந்தது ஏழாம் வகுப்புச் சான்று. நடுவிலவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவனும் சோதனை எழுதினான், எட்டாம் வகுப்புக்குத் தேறினான். அக்காளும் தம்பியும் ஒரே வகுப்பு, ஒரே பிரிவு. என் தம்பி இரண்டு சீருடைகளையும் வாங்கி வந்து மேசைமீது வைத்தான். வழக்கமான வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டு, விலைச்சீட்டுகளைக் கிள்ளியெடுத்தான்.

பெரியவள் விரலை மடக்கினாள். “எட்டு, ஒம்பது, பத்து. இறுதித் தேர்வு எழுதி முடிக்கையில பத்தொம்பது.” மடக்கிய விரல்களைப் பிரித்துக்கொண்டாள். பயிற்சிக்குப் பதினெட்டு என்பதை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

தலைமையாசிரியைக்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். உதவியாக இருக்கட்டும் என்று, ‘இம்மாணவி மிகச் சிறப்பாக உரத்து வாசிப்பாள்’ என்றும் அதில் எழுதினேன். கற்றவளின் புத்தி அவ்வளவுதான்.

முதல்நாள் வகுப்பில் நடந்ததை மாலையில் நடுவிலவன்தான் சொன்னான். மொழியாசிரியை பெரியவளைக் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுப்பி, “நீதான் நல்லா வாசிப்பியாமே? எங்க, வாசி, எல்லாரும் கேக்கட்டும்” என்றாராம்.

“அக்கா என்னடா பண்ணா?” என்றேன்.

“‘எனக்கு வாசிக்க வராது மிஸ்’னு சொல்லிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. மிஸ் என்னைய வாசிக்கச் சொன்னாங்க.” அவன் தரையைப் பார்த்தான். “நான் ஒரு பக்கம் முழுசா வாசிச்சேன், அத்தை. ஒரு தப்புகூட வரல.”

தாய் சிலேட்டை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள், அழித்தாள். பிறகு அதனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கடைக்குட்டி ஆட்டுக்குட்டிக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்து, “டீச்சரக்கா, ஒரு பக்கம்” என்றது. பெரியவள் தலைநிமிரவில்லை. தாய் நூலை வாங்கி, அந்தக் கரகரத்த குரலில் இரண்டு வரி வாசித்தாள்.

“வேணாம்மா. நானே பாத்துக்குறேன்” என்று கடைக்குட்டி அதனைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

பெரியவள் மேசையில் புதிய அறிவியல் நூலைப் பிரித்து வைத்திருந்தாள். முதற்பாடம் நுண்ணுயிரிகள். பாடத்தின் இறுதியில் செய்முறைப் பயிற்சி ஒன்று. அதனை இரண்டு முறை படித்தாள்; நோட்டில் தேதியிட்டுத் தன் பெயரை எழுதினாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுக்குகளை உருட்டித் தேடும் ஓசை கேட்டது.

“அம்மா, என்னோட அந்த அஞ்சு டப்பா எங்க?”

அவற்றை எப்போதோ தூக்கியெறிந்தாயிற்று. யார் எறிந்தது, எப்போது எறிந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தாய் எழுந்து போய் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து ஒரு துண்டைப் பிரித்து அவளிடம் நீட்டினாள். அதனை வாங்கி, ஒரு கிண்ணத்தில் வைத்து, விரலால் நீர் தெளித்து, சன்னல் மேடையில் வைத்தாள் பெரியவள். பன்னிரண்டு வயதில் வைத்த அதே இடத்தில்.